சத்தம் போடாமல் வேலை வாங்குவது எப்படி: ஜவுளிக்கடையில் புதிதாக சூப்பர்வைசர் ஆனவர்களுக்கு

மதுரையில் தெற்கு மாசி வீதி, விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைகளில் சேல்ஸில் நின்று நல்ல பேர் எடுத்து, சூப்பர்வைசர் ஆகிற பெண்கள் இப்போது நிறையப் பேர். அப்படி வந்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, நீங்க மட்டும் கத்தாம எப்படி வேலை வாங்குறீங்க?" என்பதுதான். நான் சேலைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பொறுமை என்றதும் தப்பைக் கண்டும் காணாமல் போகிற குணம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படிப் போனால் பிரிவு ஒரே மாதத்தில் குட்டிச்சுவர். தப்பை ஒன்றுவிடாமல் சொல்லத்தான் வேண்டும். எப்போது சொல்வது, எங்கே வைத்துச் சொல்வது, சொல்வதற்கு முன்னால் என்ன கேட்டுத் தெரிந்துகொள்வது, இதில்தான் பொறுமை வேண்டும்.

சாயங்காலம் ஏழு மணி. கல்யாண வீட்டுக்காரர்கள் பத்துப் பேர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பட்டில் நாற்பது சேலை பிரித்துப் போட்டாயிற்று. டேக்கில் 4,300 என்று இருக்கிற சேலையை உங்கள் பிரிவில் வேலை செய்கிற பெண் 3,400 என்று சொல்லிவிடுகிறாள். பில் போடும் இடத்தில் குட்டு வெளிப்படுகிறது. மாப்பிள்ளையின் அத்தை குரலை உயர்த்துகிறார். அந்த நேரத்தில் நீங்களும் சேர்ந்து அவளைத் திட்டினால் வாடிக்கையாளர் குளிர்ந்துவிடுவார் என்று நினைப்போம். ஒருபோதும் குளிர மாட்டார். அந்தப் பெண்ணுக்குத்தான் கையும் ஓடாது, காலும் ஓடாது. மிச்ச நேரம் முழுக்க மூஞ்சி தொங்கிப்போய் நிற்பாள், அடுத்து வருகிற பார்ட்டியும் கைவிட்டுப் போகும்.

அத்தையிடம் மன்னிப்பை நீங்களே கேளுங்கள். கொடுக்க முடிகிற விலையை முதலாளியிடம் கேட்டு முடியுங்கள். அவளுக்கு ஒரு வேலையைச் சொல்லுங்கள்: "பாப்பா, அந்த மஞ்சள்ல அரக்கு பார்டர் இன்னும் ரெண்டு பீஸ் இருக்கும், எடுத்துட்டு வா." ரேக் வரைக்கும் நடந்துபோய்த் திரும்புவதற்குள் அவளுக்கு மூச்சு வந்துவிடும். கையில் சேலையோடு திரும்பி வருகிறவளுக்கு வாடிக்கையாளர் முன்னால் மறுபடியும் நிற்கத் தெம்பு இருக்கும்.

பேச வேண்டியதை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பதினோரு மணிக்கு முன்னால் கடையில் கூட்டம் இருக்காது. முந்தின நாள் பிரித்துப் போட்டதெல்லாம் மடிப்புக்குக் காத்திருக்கும். பட்டுச் சேலையை ஒழுங்காக மடிக்க ரெண்டு பேர் வேண்டும். முந்தியை நீங்கள் பிடியுங்கள், மறு நுனியை அவள் பிடிக்கட்டும். ஐந்தரை மீட்டர் தள்ளி நிற்பவள் ஒவ்வொரு மடிப்புக்கும் பக்கத்தில் வருவாள். ரெண்டு பேர் கண்ணும் கரை ஓரம் சேருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும், முகத்துக்கு முகம் பார்க்கிற சங்கடம் இல்லை. அப்போது சாதாரணமாகக் கேளுங்கள்: "நேத்து அந்த ரேட் எப்படி மாறுச்சு?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இதுதான் கஷ்டம். ஒரு சேலை மடித்து முடிகிற வரை அவள் பேசாமல் இருக்கலாம். இடையில் நீங்களே காரணம் சொல்லிக் கொடுத்தால், அதையே பிடித்துக்கொண்டு "ஆமாக்கா" என்பாள், உண்மை வராது. பொறுத்திருந்தால் வரும். அந்த டேக்கில் எழுத்து பொடியாக இருக்கிறது என்பாள். மதியம் சாப்பிட நேரமே கிடைக்கவில்லை என்பாள். புது சரக்குக்கு ரேட் மாற்றியதை யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்பாள். மூன்றுக்கும் மூன்று விதமான தீர்வு. திட்டியிருந்தால் மூன்றில் எது என்றே தெரிந்திருக்காது. காரணம் தெரிந்த பிறகு கண்டிப்பாகச் சொல்லுங்கள்: இனிமேல் டேக்கை வாடிக்கையாளருக்குக் காட்டிவிட்டுத்தான் விலை சொல்ல வேண்டும். அப்புறமும் அதே தப்பு தொடர்ந்தால் பட்டிலிருந்து எடுத்து நூல் சேலைப் பக்கம் மாற்றுங்கள். மாற்றுவதையும் கத்தாமல் செய்யலாம்.

புது ஆளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது ஒரே வாரத்தில் எல்லாம் வந்துவிட வேண்டும் என்று அடித்துக்கொள்ளாதீர்கள். முதலில் சுங்குடி, நூல் சேலை. கை பழகியதும் சிந்தெடிக். பட்டு கடைசியில்தான், ஜரிகை ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த இடத்தில் இற்றுப்போகும் என்பது அவளுக்குப் புரிந்த பிறகு. மடித்துக் காட்டுங்கள், இன்னொரு தடவையும் காட்டுங்கள். அப்புறம் அவள் மடிக்கும்போது உங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். கோணலாகப் போகிறது என்று பாதியில் பிடுங்கி நீங்களே மடித்துவிட்டால், அந்தச் சேலை நேராகும், அவளுக்கு மடிப்பு வராது.

தாமதமாக வருகிறவர்கள் விஷயம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லை, இலவசம். அலங்காநல்லூர், சோழவந்தான் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. அந்த பஸ்ஸை விட்டால் காசு கொடுத்து வேறு வண்டியில் வர வேண்டும், அல்லது அடுத்ததுக்குக் காத்திருக்க வேண்டும். தினமும் அதே பத்து நிமிஷம் பிந்துகிறவள் சோம்பேறி இல்லை. பஸ் நேரத்தைக் கேட்டு, அவள் வரும் நேரத்தை அதற்கேற்ப வைத்து, அந்தப் பத்து நிமிஷத்தை டீ நேரத்தில் கழித்துவிடலாம். நேரம் தவறித் தவறி வருகிறவளிடம்தான் உட்காரவைத்துப் பேச வேண்டும்.

லீவு கேட்கும்போதும் இதே கதைதான். அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு எல்லோருக்கும் லீவு வேண்டும். கேட்டு வந்த பிறகு முகத்தைச் சுளிப்பதைவிட, தை மாதமே ஒரு நோட்டில் ஒவ்வொருவரின் ஊர்த் திருவிழா, முளைப்பாரி, நேர்த்திக்கடன் எப்போது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நின்று நின்று கால் வீங்கிய ஆளிடம் பொறுமையை எதிர்பார்க்க முடியாது, அது நீங்களாக இருந்தாலும் சரி. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் ஒரு திருத்தம் வந்தது. கடையில் வேலை செய்கிற எல்லோருக்கும் உட்கார இருக்கை தர வேண்டும், சந்தர்ப்பம் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்கிறது அது. ஸ்டூல் போட்டிருந்தும், "சூப்பர்வைசர் பார்த்தா என்ன நினைப்பாங்க" என்று உட்காராத பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆள் இல்லாத நேரம் நீங்கள் முதலில் உட்காருங்கள். அதைப் பார்த்து அவர்களும் உட்காருவார்கள். ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளியிலும் சாப்பாட்டு முறை தவறாமல் பார்ப்பது உங்கள் முதல் வேலை. பசியில் இருக்கிறவளிடம் எதையும் பேசாதீர்கள்.

மேலே இருந்து வருகிற சூட்டை என்ன செய்வது? முதலாளி எல்லோர் முன்னாலும் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுப் போவார். அதை அப்படியே கீழே கொட்டுகிறவர்தான் அதிகம். அவர் பேசும்போது நோட்டை எடுத்து, எந்தப் பில், எந்த நேரம், எந்த ரேக் என்று கேட்டு எழுதுங்கள். எழுதத் தொடங்கியதும் பேச்சு தானாக விஷயத்துக்கு வந்துவிடும். பிள்ளைகளுக்குப் போக வேண்டியது அந்த நோட்டில் இருப்பது மட்டும்.

பொறுக்கவே கூடாத இடங்களும் உண்டு. கல்லாவிலோ சரக்கிலோ கை வைத்தது ஆதாரத்தோடு தெரிந்தால் அன்றைக்கே முதலாளியிடம் சொல்லிவிட வேண்டும். ஒரு பெண்ணிடம் கடை ஆளோ மேலாளோ தப்பாக நடந்துகொண்டார் என்று உங்கள் காதுக்கு வந்தால், "கொஞ்சம் பொறுத்துக்கோ" என்கிற வார்த்தையே உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று, வேலை இடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்க வந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். எழுதத் தயங்கினால் பக்கத்தில் உட்கார்ந்து எழுத உதவுங்கள். உங்கள் கடையில் அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று நாளைக்குக் காலையிலேயே கேட்டு, அந்தப் பெயர்களைப் பெண்கள் சாப்பிடும் அறையில் ஒட்டி வையுங்கள்.