டான்டே - வெர்ஜில் அண்ணன் தம்பி கதை முழுசா மனசுல இறங்கணும்னா டெவில் மே க்ரையை எப்படி விளையாடணும்

டெவில் மே க்ரை, பேய் வேட்டைக்காரன் டான்டேவோட வீடியோ கேம் தொடர், வெர்ஜில் அவனோட இரட்டைப் பிறவி அண்ணன். நிறைய பேர் இதுல 5ஐ நேரா எடுத்து முடிச்சிட்டு "இவனுங்க ரெண்டு பேரும் எதுக்கு இப்படி அடிச்சிக்கிறானுங்க, உக்காந்து பேசினா தீராதா"ன்னு கேக்குறாங்க. கேக்கத்தான் செய்வாங்க, ஏன்னா 5ல வர்ற சண்டைக்கான கணக்கு 3லயே ஆரம்பிச்சிடுது, அதைப் பாக்காம வந்தா யாரோ ரெண்டு வெள்ளை முடிக்காரங்க கத்தி சுத்துற மாதிரிதான் தெரியும். அதனால எந்த வரிசையில விளையாடணும், எங்க நின்னு கவனிக்கணும், வெர்ஜிலை எப்படி அடிக்கணும்னு சொல்றேன். கதை மொத்தமும் உடைச்சுதான் பேசப்போறேன், தெரிஞ்சிக்க வேணாம்னா அடுத்த பத்தியில வரிசையை மட்டும் படிச்சிட்டு போய் விளையாடிட்டு வாங்க.

வரிசை 3, 1, 4, 5. வெளிவந்த கணக்குப்படி 1தான் முதல்ல, 2001ல வந்துச்சு, 3 வந்தது 2005ல, ஆனா கதைப்படி 3தான் ஆரம்பம், அண்ணன் தம்பி ரெண்டு பேரும் இளவட்டமா இருக்குற காலம். 2ல வெர்ஜில் கதையே இல்ல, இந்த விஷயத்துக்காக விளையாடுறவங்க தாராளமா தாண்டிடலாம். 1, 2, 3 மூணும் ஹெச்டி கலெக்ஷன்ல ஒண்ணாவே கிடைக்குது, பிசி, பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் எல்லாத்துலயும் இருக்கு.

3ல முதல் முக்கியமான இடம் மிஷன் 7, கோபுரத்து உச்சியில மழையில நடக்குற சண்டை. முதல் தடவை வர்றவங்க ட்ரிக்ஸ்டர் ஸ்டைலை, அதாவது விலகித் தப்பிக்கிற சண்டை முறையை எடுத்துக்கோங்க, இந்த கேம்ல ஒரு மிஷனுக்குள்ள ஸ்டைலை இஷ்டத்துக்கு மாத்த முடியாது, அதனால உள்ள போறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடணும். வெர்ஜில் தன் கத்தி யமாட்டோவை உறையில வச்சுக்கிட்டு மெதுவா நடந்து வரும்போது முந்திக்கிட்டு போய் வெட்டாதீங்க, தடுத்துட்டு அப்படியே திருப்பிப் போடுவான். அவனை முதல்ல வீச விடுங்க, அவன் காம்போ, அதாவது தொடர் வெட்டு முடியுற இடத்துல விலகி நாலு வெட்டு வெட்டிட்டு உடனே வெளிய வந்துடுங்க, பேராசைப்பட்டு அஞ்சாவது வெட்டுக்கு நின்னா அங்கதான் மாட்டுவோம். துப்பாக்கி இங்க எடுபடாது, கத்தியைச் சுழட்டியே குண்டையெல்லாம் தடுத்துடுவான். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

சண்டை முடிஞ்சதும் வர்ற சீனை தயவுசெஞ்சு ஸ்கிப் பண்ணாதீங்க. எப்பவும் மேல வாரி விட்டிருக்குற வெர்ஜில் முடி மழையில நனைஞ்சு நெத்தியில விழுந்திருக்கும், அந்த நேரத்துல பாத்தா அச்சு அசலா டான்டே மூஞ்சி, அப்புறம் கையால முடியை மேல தள்ளிட்டு திரும்பவும் வெர்ஜிலா ஆயிடுவான். தம்பி மாதிரி தெரியவே கூடாதுன்னு ஒருத்தன் எவ்வளவு மெனக்கெடுறான்னு அந்த ஒரு கை அசைவுல காட்டிட்டாங்க. பலம் இல்லன்னா எதையும் காப்பாத்த முடியாதுன்னு அவன் சொல்றதும் இங்கதான், முதல் தடவை கேக்கும்போது வில்லன் வசனம் மாதிரி இருக்கும், 5 முடிச்சிட்டு திரும்ப வந்து கேட்டுப் பாருங்க, அம்மாவை இழந்த பையன் பேசுறது கேக்கும்.

மிஷன் 13 ரெண்டாவது மோதல், அங்க அவன்கிட்ட கைகால்ல மாட்டுற ஆயுதம் பியோவுல்ஃப் வேற இருக்கும், கைகால் அடி பலமா விழும், முறை அதேதான்.

மிஷன் 19தான் எனக்கு இந்த மொத்த தொடர்லயே ரொம்பப் பிடிச்ச இடம். 3ஓட வில்லன் ஆர்க்கம் கூட சண்டை பாதி போனதும் வெர்ஜில் உங்க பக்கம் வந்து நிப்பான், இதுவரைக்கும் உங்க உயிரை எடுத்தவன் இப்ப உங்களுக்காக வெட்டுறான். வீட்ல ரெண்டாவது கன்ட்ரோலர் இருந்தா கண்டிப்பா சொருகி வைங்க, இன்னொருத்தர் வெர்ஜிலா விளையாடலாம், கூடப்பிறந்தவங்க இருந்தா அவங்களையே உக்கார வைங்க, அதை விட சரியான ஆள் கிடைக்காது. கடைசி அடிக்கு டான்டே தன் துப்பாக்கியில ஒண்ணை அண்ணன் கையில குடுப்பான், குண்டையே மதிக்காத வெர்ஜில் அதை வாங்கிக்கிட்டு, ஒரு தடவை உன் வழியிலயே பாக்குறேன்னு சொல்லி, ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே குரல்ல "ஜாக்பாட்"னு சுடுவாங்க. மிஷன் 7ல குண்டு தடுத்தவனை ஞாபகம் வச்சுக்க சொன்னது இதுக்குத்தான்.

அடுத்த மிஷனே ரெண்டு பேருக்கும் கடைசி சண்டை. இதுல சுத்தி நீலக் கத்திகளை வரவச்சுக்கிட்டு வருவான், டெவில் ட்ரிக்கர்ல, அதாவது பேய் உருவத்துக்குப் போனா அவன் உயிர் ஏற ஆரம்பிக்கும், பதறிப்போய் மோதாதீங்க, அந்த நேரம் தப்பிக்கிறதுதான் வேலை, ஏறினதை அப்புறம் எடுத்துக்கலாம், உங்க டெவில் ட்ரிக்கரை அவன் சாதாரண நிலைக்கு வந்ததும் செலவு பண்ணுங்க. தோத்ததும் பாதாளத்துக்குள்ள விழப்போற அண்ணனைப் பிடிக்க டான்டே ஓடி கையை நீட்டுவான், வெர்ஜில் அந்தக் கையை வெட்டிட்டு விழுந்துடுவான். வெட்டினது உள்ளங்கையை மட்டும்தான், அவன் நினைச்சிருந்தா வேற மாதிரி வெட்டிருக்கலாம்.

இப்ப ரொம்ப முக்கியம், கிரெடிட்ஸ் ஓடும்போது கன்ட்ரோலரை கீழ வைக்காதீங்க. பேய்ங்க வந்துக்கிட்டே இருக்கும், 100 வெட்டினா கூடுதலா ஒரு சீன் வரும், வெர்ஜில் தனியா பேய்ங்க ராஜா முண்டஸ் முன்னாடி நிக்கிற சீன். அதைப் பாத்த கையோட 1ஐ ஆரம்பிங்க.

1ல நீலோ ஆஞ்சலோன்னு கவசம் போட்ட ஒரு பாஸ் மூணு தடவை வருவான். அது யாருன்னு 2001ல விளையாடினவங்களுக்கு கடைசியிலதான் தெரிஞ்சுது, 3 முடிச்சிட்டு வர்ற உங்களுக்கு அது வெர்ஜில்தான்னு முதல் தடவையே தெரியும், ஆச்சரியம் போயிடும்தான், ஆனா வலி ரெண்டு மடங்கு ஆகும், அதனாலதான் நான் இந்த வரிசையையே சொல்றேன். முதல் மோதல்ல டான்டேவைக் கொல்ற இடத்துக்கு வந்துட்டு, அவன் கழுத்துல இருக்குற அம்மா குடுத்த தாயத்தைப் பாத்ததும் தலையைப் பிடிச்சிக்கிட்டு விலகிப் போவான். பேரு, முகம் எல்லாத்தையும் முண்டஸ் பிடுங்கியும் அது மட்டும் அவன்கிட்ட மிச்சம் இருந்திருக்கு.

4ஓட கதையில வெர்ஜில் கிடையாது, உடைஞ்ச யமாட்டோதான் இருக்கு, அது அந்த கேமோட ஹீரோ நீரோ கைக்குப் போகுது. அண்ணன் கத்தியைத் திரும்ப வாங்கணும்னு வந்த டான்டே கடைசியில அதை நீரோகிட்டயே விட்டுட்டுப் போறான், ஏன்னு 5ல புரியும், நீரோ வெர்ஜிலோட பையன்.

5ல மிஷன் 10ல வர்ற பழைய வீட்டு சீனை நிதானமா பாருங்க. அம்மா ஈவா டான்டேவை ஒளிச்சு வச்சிட்டு வெர்ஜிலைத் தேடிப் போனவங்க திரும்பவே இல்ல. ஒரு வீடு, ஒரு ராத்திரி, யாரு எங்க இருந்தாங்கன்றதுதான் ரெண்டு பேர் வாழ்க்கையையும் பிரிச்சிடுச்சு. மிஷன் 19ல டான்டேவா வெர்ஜிலை அடிக்கும்போது நாலு ஸ்டைலையும் மாத்தி மாத்தி போடுங்க, ட்ரிக்ஸ்டர்ல விலகி ஸ்வார்ட்மாஸ்டர்ல வெட்டுறதே போதும், அடியைத் தடுக்குற ராயல்கார்ட் டைமிங் கை வந்தவங்களுக்கு இன்னும் சுலபம். 20ல நீரோ குறுக்க வந்து நிறுத்துவான், அப்பாவையும் சித்தப்பாவையும் பிரிச்சு விடுற பையன்.

அதோட நிறுத்தாதீங்க, வெர்ஜிலாவும் விளையாடுங்க. 5ஓட ஸ்பெஷல் எடிஷன்ல அவன் சேர்ந்தே வர்றான், பிசி, பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு 2020 டிசம்பர்ல தனியா வந்துச்சு. அவனுக்கு கான்சன்ட்ரேஷன்னு ஒரு மீட்டர் இருக்கு, ஓடினா இறங்கும், அடி வாங்கினா இறங்கும், நடந்து நிதானமா போய் குறி தவறாம வெட்டினா ஏறும். டான்டேவா விளையாடிப் பழகின கை முதல்ல ஓடத்தான் பாக்கும், ஓடாதீங்க. அவனோட முக்கியமான வெட்டு ஜட்ஜ்மென்ட் கட்டுக்கு பட்டனை அழுத்திப் பிடிச்சு உறை மின்னுற நேரத்துல விடணும், அது வந்துட்டா பாதி வெர்ஜில் வந்த மாதிரி. அவன் கதையில கடைசியில எதிர்ல நிக்கறது டான்டே, அதை எடுத்தவுடனே கஷ்டமான சன் ஆஃப் ஸ்பார்டா லெவல்ல போடாம முதல்ல அதை விட சுலபமான டெவில் ஹன்டர்லயே போடுங்க, தம்பியோட ஒவ்வொரு அசைவையும் எதிர்ப்பக்கத்துல இருந்து பாக்க அப்பதான் நேரம் கிடைக்கும்.