கலோரிக் கணக்கு எங்கே பிசகுகிறது?

எடை குறைக்க நினைப்பவர்களின் காதில் முதலில் விழும் எண் 1200. நாளைக்கு 1200 கலோரிக்குள் சாப்பிடு, இளைத்துவிடலாம் என்பார்கள். உயரம், எடை, வயது எதையும் கேட்காமல் சொல்லும் எண் எப்படி உங்களுடையதாக இருக்கும்?

கணக்கை உங்கள் உடம்பிலிருந்து தொடங்குங்கள். உடம்பின் கலோரிச் செலவைக் கணிக்க, 1990-இல் வெளிவந்த மிஃப்லின் – செயின்ட் ஜியோர் சூத்திரம் பரவலாகப் பயன்படுகிறது. எடையை (கிலோ) 10-ஆலும், உயரத்தை (செ.மீ.) 6.25-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5-ஆல் பெருக்கிக் கழியுங்கள். பெண்கள் இன்னும் 161 கழிக்க வேண்டும், ஆண்கள் 5 கூட்ட வேண்டும். 40 வயது, 158 செ.மீ., 70 கிலோ உள்ள பெண்ணுக்கு ஏறக்குறைய 1326 வரும்.

பலர் சறுக்குவது இங்கேதான். இந்த 1326, நாள் முழுக்க அசையாமல் படுத்திருந்தாலும் உடம்பு செலவழிக்கும் அளவு. இதிலேயே 500-ஐக் கழித்து 826 கலோரியில் பட்டினி கிடப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் தசை கரையும், பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பும் கூடும். நடமாட்டத்துக்கு ஏற்ப முதலில் பெருக்க வேண்டும்: உட்கார்ந்த வேலைக்கு 1.2, லேசான உடற்பயிற்சி இருந்தால் 1.375, வாரத்தில் பெரும்பாலான நாள் நன்றாகப் பயிற்சி செய்தால் 1.55. அதன் பிறகுதான் 300 முதல் 500 வரை கழிக்க வேண்டும். மேலே சொன்ன பெண் தினமும் கொஞ்சம் நடப்பவர் என்றால் 1820 வரும். அதில் 400 போக, சுமார் 1400.

"வீட்டு வேலை எல்லாம் நான்தானே செய்கிறேன்" என்று 1.55-ஐ எடுத்துக்கொண்டால் கணக்கு 230 கலோரி ஏறிவிடும். சந்தேகம் இருந்தால் கீழ் எண்ணையே எடுங்கள். நடைப்பயிற்சியை இந்தப் பெருக்கலில் சேர்த்தாயிற்று. கைக்கடிகாரம் காட்டும் கலோரியையும் கூட்டிக்கொண்டு அதற்கும் சேர்த்துச் சாப்பிட்டால், ஒரே நடைக்கு இரண்டு முறை கணக்கு எழுதியதாகிவிடும்.

இனி அடுக்களை. பெரிய ஓட்டைகள் எல்லாம் இங்கேதான், அதிலும் அரிசியில். 100 கிராம் வேகாத அரிசியில் சுமார் 350 கலோரி, 100 கிராம் வெந்த சோற்றில் சுமார் 130. சமைக்கும் முன் 150 கிராம் அரிசியை அளந்துவிட்டு, செயலியில் 'சோறு 150 கிராம்' என்று பதிந்தால் 330 கலோரி காணாமல் போகும். கழித்த 400-இல் முக்கால் பங்குக்கு மேல் அங்கேயே போய்விட்டது. எதை அளந்தீர்களோ அதையே பதியுங்கள்.

அடுத்தது எண்ணெய். தாளிக்கும்போதும் தோசைக்கு ஊற்றும்போதும் யாரும் அளப்பதில்லை. அதற்கு எளிய வழி, மாதக் கணக்கு பார்ப்பது. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 4 லிட்டர் தீர்கிறது என்றால், ஆளுக்கு நாளைக்கு 33 மில்லி, ஏறக்குறைய 270 கலோரி. நெய்யும் தேங்காயும் இதற்கு மேல். சர்க்கரை போட்ட காபி மூன்று டம்ளர் குடித்தால் 300 வரை வரும். பிள்ளைகள் மிச்சம் வைத்த இரண்டு வாய்ச் சோற்றையும் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடும் அம்மாக்கள், வீணாகக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான் அதைச் செய்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அதுவும் எழுதப்பட வேண்டிய சாப்பாடுதான்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். மருந்து அதே அளவில் இருக்கச் சாப்பாடு மட்டும் குறைந்தால் சர்க்கரை ஆபத்தாக இறங்கலாம். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் வளரும் பிள்ளைகளும் இந்தக் கணக்குக்குள் வரவே வேண்டாம்.

முதல் வாரத்தில் சட்டென இறங்கும் எடையில் பெரும்பகுதி தண்ணீர். உப்பு கூடினாலும், மாதவிடாய் நெருங்கினாலும் ஒரு கிலோ ஏறி இறங்கும். ஒருநாள் எடையைப் பார்த்து மறுநாள் சாப்பாட்டை வெட்டாதீர்கள். வார சராசரியைப் பாருங்கள். 5 கிலோ குறைந்ததும் சூத்திரத்தை மறுபடி போடுங்கள். உடம்பின் தேவையும் 70 கலோரி போல இறங்கியிருக்கும். மூன்று வாரமாகியும் சராசரி அசையவில்லையா? சாப்பாட்டில் இன்னொரு 100 கலோரியைக் குறைக்கும் முன், எண்ணெய்த் தூக்கையும் அரிசி ஆழாக்கையும் ஒருமுறை அளந்து பாருங்கள்.