எம்ஜிபி காரைக் கவனித்துக்கொள்வது எப்படி: துருவைப் பார்ப்பதில் தொடங்குங்கள், கார்புரேட்டரைக் கடைசியில் தொடுங்கள்

முதல்முறையாக எம்ஜிபி வாங்கியவர்கள் பலரும் முதல் வாரத்திலேயே ஒரு காரியம் செய்வார்கள். பானட்டைத் திறந்து, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும், அழகாக ஜோடியாக நிற்கும் எஸ்யூ ரக கார்புரேட்டர்களைப் பார்த்ததும் ஸ்குரூடிரைவரைக் கையில் எடுத்துவிடுவார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். இந்தக் காரில் எந்த வேலையைச் செய்கிறோம் என்பதைவிட எந்த வரிசையில் செய்கிறோம் என்பது முக்கியம். நான் அந்த வரிசையைத் தெரிந்துகொள்ள ஒரு வருடமும் கொஞ்சம் பணமும் செலவழித்தேன். உங்களுக்கு அது வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எம்ஜிபி, இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் உள்ள அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை உருவான கார். மொத்தம் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதனால்தான் இன்றும் உதிரிபாகம் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கிறது. 1988 முதல் முழு பாடியையே புதிதாக அடித்துத் தருகிறார்கள். எஞ்சின் 1798 சிசி, பிஎம்சி என்ற பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் 'பி சீரிஸ்'. நம் அம்பாசடரில் பல வருடம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் இதே குடும்பம்தான். அம்பாசடரின் டேப்பெட் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த பானட்டுக்குள் பாதிக்கு மேல் தெரிந்த முகங்களாகத்தான் இருக்கும்.

முதலில் ஸ்பேனர்

இந்தக் காரின் நட்டு போல்ட்டெல்லாம் அங்குலக் கணக்கு. 7/16, 1/2, 9/16 இந்த மூன்று அளவும்தான் அதிகம் தேவைப்படும். வீட்டில் இருக்கும் 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் 1/2 அங்குல நட்டில் உட்காரும், உட்கார்ந்து கொஞ்சம் ஆடும், இறுகிய நட்டாக இருந்தால் மூலைகளை மழுக்கிவிட்டு வழுக்கும். அங்குல செட் ஒன்று, கிரீஸ் கன் ஒன்று, சின்ன இடைவெளிகளை அளக்கும் ஃபீலர் கேஜ் ஒன்று, உங்கள் காரின் வருடத்துக்கான ஒர்க்‌ஷாப் மேனுவல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல ஜாக்கியும் இரண்டு ஆக்சில் ஸ்டாண்டும் கட்டாயம். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள், ஒரு நிமிட வேலையாக இருந்தாலும்.

துருவைப் பாருங்கள்

எம்ஜிபிக்குத் தனி சேசிஸ் கிடையாது. கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடும் 'சில்' என்ற பெட்டி போன்ற தகடுதான் காரைத் தாங்குகிறது. கூரையில்லாத ரோட்ஸ்டருக்கு இது இன்னும் முக்கியம். சோதிக்க ஒரு எளிய வழி உண்டு: காரை ஒரு பக்கம் ஜாக்கி வைத்து லேசாகத் தூக்கி, அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். தரையில் இருந்தபோது சரியாக மூடிய கதவு இப்போது உரசினாலோ சிக்கினாலோ சில் வலுவிழந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி சில் முழுக்க ஓட்டுங்கள். ஒட்டாத இடத்தில் பெயின்டுக்கு அடியில் இருப்பது தகடு இல்லை, பட்டி. இந்த வேலையை வெல்டிங் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். எஞ்சின் எவ்வளவு மோசமாக இருந்தாலும் வாரக்கடைசிகளில் சரிசெய்துவிடலாம், சில் அப்படியில்லை.

பிரேக்கும் பெட்ரோல் ஹோஸும்

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். முந்தைய உரிமையாளர் எப்போது மாற்றினார் என்று தெரியாவிட்டால் இன்றே மாற்றுங்கள், அதன்பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. 'டாட் 4' ரக ஆயில் போதும். கிளட்சும் ஹைட்ராலிக்தான், அதையும் சேர்த்தே பாருங்கள். பெயின்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் உரிந்துவிடும்.

பெட்ரோல் ஹோஸ் விஷயத்தை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோல் என்றாலே இ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பரை எத்தனால் அரிக்கும். இந்த எஞ்சினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. ஹோஸ் கசிந்தால் பெட்ரோல் எங்கே சொட்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஹோஸை விரலால் வளைத்து, மேல்பரப்பில் நுணுக்கமான வெடிப்பு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் 'ஆர்9' என்று அச்சிட்ட ஹோஸ் வாங்கி மொத்தமாக மாற்றிவிடுங்கள். முடிந்தவரை இ5 பெட்ரோலையே போடுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் இந்தக் கார் வருடத்தில் எத்தனை லிட்டர் குடிக்கப்போகிறது?

கிரீஸ் அடிப்பது

இப்போதைய கார்களில் இந்த வேலையே கிடையாது. அதனால்தான் மறந்துபோகிறது. முன்பக்கம் ஒவ்வொரு சக்கரத்துக்குப் பின்னாலும் கிரீஸ் ஏற்றும் சின்ன முனைகள், அதாவது நிப்பிள், மூன்று இருக்கும்: சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னில் மேலே ஒன்று, கீழே ஒன்று, அடி மூட்டில் ஒன்று. அப்புறம் புரொப்பெல்லர் ஷாஃப்டிலும் ஹேண்ட்பிரேக் கேபிளிலும் தேடிப் பாருங்கள். 3,000 மைலுக்கு ஒருமுறை, அவ்வளவு ஓடாவிட்டால் வருடத்துக்கு ஒருமுறை.

காரை முன்பக்கம் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சக்கரம் தொங்க வேண்டும், அப்போதுதான் எடை இறங்கி கிரீஸ் உள்ளே போக வழி கிடைக்கும். நிப்பிளைத் துணியால் நன்றாகத் துடையுங்கள். துடைக்காமல் அடித்தால் மண்ணையும் சேர்த்து உள்ளே தள்ளுவீர்கள். கன்னை நேராகப் பொருத்தி மெதுவாக அழுத்துங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. ஐந்தாறு அழுத்தத்துக்குப் பிறகு மூட்டின் ஓரத்தில் கறுப்பாக, சில சமயம் துருநிறத் தண்ணீரோடு, பழைய கிரீஸ் புழு மாதிரி வெளியே வரும். நிறுத்தாதீர்கள். கறுப்பு போய், தேன் நிறத்தில் புதுக் கிரீஸ் வரும் வரை அடியுங்கள். வெளியே வந்ததைத் துடைத்துவிடுங்கள்.

நிப்பிள் அடைத்திருந்தால் கிரீஸ் உள்ளே போகாமல் கன் வாயிலேயே வழியும். நிப்பிளைக் கழற்றிப் புதிது போடுங்கள், விலை சொற்பம். என் கார் வந்தபோது வலதுபக்க நிப்பிள் இரண்டின் மேலும் யாரோ பெயின்ட் அடித்திருந்தார்கள். ஸ்டியரிங் கனமாக இருப்பது பழைய காரின் சுபாவம் என்று பல மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். புது நிப்பிள் போட்டு கிரீஸ் அடித்துவிட்டுத் தெருமுனையில் திரும்பியபோது ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வந்தது. அன்றைக்கு இருந்த சந்தோஷம் இப்போதும் நினைவிருக்கிறது.

ஆயில்

20டபிள்யூ-50, பழைய கார்களுக்கென்று விற்பது. புது கார்களுக்கான மெல்லிய சிந்தெடிக் வேண்டாம். இந்த எஞ்சினின் கேமுக்கும் டேப்பெட்டுக்கும் ஆயிலில் துத்தநாகச் சேர்க்கை போதுமான அளவு வேண்டும். எஞ்சினைச் சூடாக்கி, டிரெயின் பிளக்கைக் கழற்றி வடியவிட்டு, ஃபில்டரை மாற்றி, சுமார் நாலேகால் லிட்டர் ஊற்றி டிப்ஸ்டிக்கில் சரிபாருங்கள். எஞ்சின் சூடாகி ஓடும்போது ஆயில் பிரஷர் 50 முதல் 80 பிஎஸ்ஐ வரை காட்ட வேண்டும். ஐடிலிங்கில் 15, 20 காட்டினால் பயப்பட வேண்டாம்.

டேப்பெட்

இங்கே சரிசெய்யப்போவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவில் உள்ள இடைவெளியை. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். நாலு பிளக்கையும் கழற்றிவிட்டு, சமதரையில் நாலாவது கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிட்டு, காரைக் கையால் முன்னே தள்ளினால் எஞ்சின் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றும். ராக்கர் கவர் இரண்டே நட்டில் உட்கார்ந்திருக்கிறது.

ரேடியேட்டர் பக்கத்திலிருந்து வால்வுகளை ஒன்று முதல் எட்டு வரை எண்ணிக்கொள்ளுங்கள். கூட்டினால் ஒன்பது வர வேண்டும், அதுதான் கணக்கு. எட்டாவது வால்வு முழுக்க அழுந்தியிருக்கும்போது ஒன்றாவதைச் சரிசெய்யலாம். ஆறு அழுந்தியிருந்தால் மூன்று, நாலு அழுந்தியிருந்தால் ஐந்து, இப்படியே போங்கள். இடைவெளி 0.015 அங்குலம். லாக் நட்டைத் தளர்த்தி, ஃபீலர் கேஜை ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே விட்டு, கனமான புத்தகத்துக்கு அடியிலிருந்து ஒரு தாளை உருவுகிற மாதிரி இழுபடும் வரை திருகுங்கள். லாக் நட்டை இறுக்கியதும் மறுபடி அளந்து பாருங்கள், இறுக்கும்போது திருகு நகர்ந்திருக்கும். கவரைத் திரும்பப் போடும்போது நட்டை மிதமாகத்தான் இறுக்க வேண்டும். ஆயில் கசிகிறதே என்று மேலும் மேலும் இறுக்கினால் கார்க் கேஸ்கெட் நசுங்கி இன்னும் அதிகமாகக் கசியும்.

பாயிண்ட்

பாயிண்ட் என்பது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடி, பிளக்கில் பொறி பாயவைக்கும் சின்ன சுவிட்ச். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, எஞ்சினைச் சுற்றி, பாயிண்டின் குதிகால் கேமின் உச்சியில் ஏறி நிற்கும்படி கொண்டுவாருங்கள். அங்கே இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம் இருக்க வேண்டும். பிளக் இடைவெளி 0.025. கேமில் ஒரு துளி கிரீஸ் தடவுங்கள், அதற்கு மேல் வேண்டாம். அடுத்து டைமிங், அதாவது பொறி பாயும் நேரம். அந்த எண் வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால் உங்கள் மேனுவலைப் பார்த்து ஸ்ட்ரோப் லைட்டால் வையுங்கள்.

என் ஒரு வருடம் போன இடம் இதுதான். கார் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது திக்கித் திக்கி ஓடியது. ஒரு பணிமனையில் கார்புரேட்டர் என்றார்கள், இரண்டையும் பிரித்துப் புதுப்பித்தார்கள். திக்கல் அப்படியே இருந்தது. கடைசியில் பாயிண்டுக்குப் போகும் சின்ன ஒயரைப் பார்த்தேன். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள தட்டு ஒவ்வொரு முறை நகரும்போதும் அந்த ஒயர் வளைகிறது. மேலுறை முழுசாக இருக்க, உள்ளே செம்புக் கம்பி அறுந்து, இரண்டு மூன்று இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு விரலால் இழுத்தேன், ரப்பர் மாதிரி நீண்டது. அந்த ஒயரை மாற்ற ஆனது பத்து நிமிடம்.

இப்போது கார்புரேட்டர்

வால்வு, பாயிண்ட், டைமிங் மூன்றும் சரியான பிறகும் எஞ்சின் சீராக ஓடவில்லை என்றால் மட்டும் இங்கே வாருங்கள். மேலே உள்ள கறுப்பு மூடியைக் கழற்றி, அதோடு சேர்ந்து வரும் டேம்பர் தண்டைத் திரும்ப இறக்குங்கள். மரை பிடிப்பதற்கு கால் அங்குலம் முன்பே கைக்குத் தடுப்பு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஆயில் விடுங்கள். கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தூக்கிவிட்டால் 'டக்' என்று விழ வேண்டும்.

இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு காற்றை இழுக்கின்றனவா என்று பார்க்க, ஏர் ஃபில்டர்களைக் கழற்றிவிட்டு ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து மறுமுனையை ஒவ்வொன்றின் வாயருகே பிடியுங்கள். இரண்டு சீறலும் ஒன்றாகக் கேட்க வேண்டும். கலவையைச் சோதிக்க, பிஸ்டனை மிக லேசாகத் தூக்கிப் பாருங்கள். எஞ்சின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், அணையப் பார்த்தால் குறைவு, ஒரு கணம் ஏறி உடனே அடங்கினால் சரி. திருத்தும்போது கலவைக்கான நட்டை ஆறில் ஒரு சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். எவ்வளவு திருப்பினீர்கள் என்று எழுதிவையுங்கள்.

குளிர்காலம்

பிரிட்டனில் குளிர்காலத்தில் சாலையில் உப்பு தூவுவார்கள். ஓட்டினால், மழை வந்து சாலையைக் கழுவிய பிறகு ஓட்டுங்கள், வீட்டுக்கு வந்ததும் அடிப்பாகத்தை நன்றாகக் கழுவுங்கள். நிறுத்திவைப்பதாக இருந்தால் ஆயிலை நிறுத்துவதற்கு முன்பே மாற்றுங்கள், வசந்தத்தில் அல்ல. வாரம் ஒருமுறை இரண்டு நிமிடம் எஞ்சினை ஓடவிடும் பழக்கம் கெடுதல்: எஞ்சின் சூடாகாது, உள்ளே ஈரம்தான் சேரும். ஓட்டினால் அரைமணி நேரம் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் தொடாதீர்கள். பேட்டரி சீட்டுக்குப் பின்னால் தரைக்கு அடியில் இருக்கும். பழைய கார்களில் ஆறு வோல்ட்டில் இரண்டு. கண்ணில் படாத இடம் என்பதால் அதைப் பல மாதம் யாரும் பார்ப்பதில்லை. முனைகளைச் சுத்தம் செய்துவிட்டு சார்ஜரை மாட்டுங்கள்.

நாற்பது வருடம் தாண்டிய காருக்கு பிரிட்டனில் சாலை வரி விலக்கு உண்டு. விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும். பெரிய மாற்றம் செய்யாத காராக இருந்தால் 'எம்ஓடி' என்ற வருடாந்தரத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. நான் ஒவ்வொரு ஏப்ரலிலும் காரைச் சோதனைக்குக் கொண்டுபோகிறேன். போன முறை பின்பக்கப் பிரேக் பைப்பில் துரு ஆரம்பித்திருப்பதை அங்கேதான் கண்டுபிடித்துச் சொன்னார்கள்.