ஜப்பானை முதன்முறை சுற்றிப் பார்க்க: டோக்கியோ முதல் மியாஜிமா வரை படிப்படியான பயணத் திட்டம்

ஜப்பானுக்கு முதன்முறையாகப் போகிறவர்கள் பெரும்பாலும் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலோடுதான் தொடங்குகிறார்கள். பட்டியல் தேவைதான், ஆனால் எந்த இடத்தை எந்த வரிசையில், நாளின் எந்த வேளையில் பார்க்கிறோம் என்பதில்தான் அந்தப் பயணத்தின் நிறைவு இருக்கிறது. விடியற்காலையில் பறவைச் சத்தம் மட்டுமே கேட்கும் ஆலயப் பாதையில் பதினோரு மணிக்குக் கால் வைக்க இடமிருக்காது. கீழே உள்ள திட்டம் ஒன்பது இரவுகளுக்கானது. டோக்கியோவில் இறங்கி, மேற்கு நோக்கியே நகர்ந்து, ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்திலிருந்து ஊர் திரும்பும்படி அமைத்திருக்கிறேன். போன வழியே திரும்பி வர வேண்டியதில்லை என்பதால், வருகைக்கு ஒரு நகரம், புறப்பாட்டுக்கு வேறு நகரம் என்று விமானச் சீட்டு எடுப்பது முக்கியம்.

படி 1: பருவத்தை முடிவு செய்யுங்கள்

டோக்கியோவிலும் கியோட்டோவிலும் செர்ரி மலர்கள் வழக்கமாக மார்ச் இறுதியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் பூக்கின்றன. கியோட்டோவின் மேப்பிள் இலைகள் நவம்பர் நடுப்பகுதியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை சிவந்திருக்கும். அழகும் கூட்டமும் விலையும் ஒன்றாக உச்சத்தைத் தொடும் வாரங்கள் இவை. ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை நீளும் 'கோல்டன் வீக்' விடுமுறையில் ஜப்பானியர்களே பெருந்திரளாகப் பயணம் செய்வதால் அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது. ஜூனில் மழைக்காலம் தொடங்கும்; ஆகஸ்டில் புழுக்கம் நம் ஊர்க் கோடைக்குச் சற்றும் குறைந்ததன்று. முதல் பயணத்துக்கு நான் பரிந்துரைப்பது மே மாதப் பிற்பாதியை அல்லது நவம்பர் முதல் பாதியை.

படி 2: பயண ஏற்பாடுகளை முடியுங்கள்

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கும் இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கும் சுற்றுலா விசா தேவை என்பதால், விண்ணப்பத்தைப் புறப்படுவதற்கு நன்கு முன்னரே தொடங்குங்கள். அங்கே மின்சாரம் 100 வோல்ட். இரண்டு தட்டையான முனைகள் கொண்ட பிளக் வேண்டும். உங்கள் சார்ஜரின் மேல் 100–240 வோல்ட் என்று அச்சிடப்பட்டிருந்தால் அடாப்டர் மட்டும் போதும்.

அடுத்தது ரயில் பாஸ் பற்றிய கணக்கு. நாடு முழுவதும் செல்லுபடியாகும் ஏழு நாள் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) பாஸின் விலை 2023 அக்டோபரில் 50,000 யென்னாக உயர்ந்தது. டோக்கியோ–கியோட்டோ புல்லட் ரயில் கட்டணம் சுமார் 14,000 யென். அதோடு ஹிரோஷிமா போய் ஒசாகா திரும்பும் செலவைச் சேர்த்தாலும் பாஸின் விலையை எட்டாது. ஆகவே இந்தத் திட்டத்துக்கு அந்தப் பாஸ் வேண்டாம். தனித்தனிச் சீட்டுகளே மலிவு. நகரத்துக்குள் மெட்ரோ, பேருந்து இரண்டுக்கும் சுய்கா, பாஸ்மோ, இகோகா ஆகிய அட்டைகளில் ஏதாவது ஒன்றில் பணம் நிரப்பிக்கொண்டால் போதும். கடைகளிலும் அதைத் தொட்டுப் பணம் செலுத்தலாம்.

பெரிய பெட்டிகளோடு ரயில் மாறி மாறி அலைய வேண்டியதில்லை. 'தக்யூபின்' என்னும் சேவையில் ஒரு விடுதியில் ஒப்படைத்த பெட்டி பெரும்பாலும் மறுநாளே அடுத்த நகரத்து விடுதிக்கு வந்துவிடும். டோக்கியோவிலிருந்து பெட்டியை நேரே கியோட்டோவுக்கு அனுப்பிவிட்டு, ஒரு தோள்பையோடு இடையில் உள்ள ஹகோனே மலைப்பகுதிக்குப் போவதே வசதி.

படி 3: டோக்கியோ, மூன்று இரவுகள்

முதல் காலையை அசகுசாவின் சென்சோஜி பௌத்த ஆலயத்துக்குக் கொடுங்கள். சுமிதா ஆற்றில் 628-இல் இரண்டு மீனவச் சகோதரர்களின் வலையில் கருணையின் போதிசத்துவரான கன்னொன் சிலை சிக்கியது என்பது இதன் தல வரலாறு. முதன்மை மண்டபம் 1945 குண்டுவீச்சில் எரிந்தது. இன்று நிற்பது 1958-இல் எழுப்பியது. நாகமிசே கடைத்தெரு திறப்பதற்கு முன்பே போய்விட்டால், பெரிய சிவப்பு விளக்கு தொங்கும் கமினாரிமொன் வாயிலை நிதானமாகப் பார்க்கலாம்.

மாலையில் மெய்ஜி ஜிங்கூ, ஜப்பானின் பூர்வீக மதமான ஷிண்டோவின் ஆலயம். 1920-இல் நிறுவப்பட்ட இதைச் சூழ்ந்துள்ள அடர்ந்த காடு இயற்கையாக வளர்ந்ததன்று. நாடெங்குமிருந்து மக்கள் அன்பளிப்பாக அனுப்பிய சுமார் ஒரு லட்சம் மரங்களை நட்டு உருவாக்கியது. ஷிண்டோ வழிபாட்டு முறையைப் பழகிக்கொள்ள இதுவே நல்ல இடம். தோரி எனப்படும் ஆலய நுழைவாயிலில் லேசாகத் தலை வணங்கி, நடுப்பாதை தெய்வத்துக்கு உரியது என்பதால் ஓரமாக நடக்க வேண்டும். நீர்த்தொட்டியில் அகப்பை இருந்தால், வலக்கையால் நீர் மொண்டு இடக்கையைக் கழுவி, கை மாற்றி வலக்கையைக் கழுவி, இடது உள்ளங்கையில் சிறிது ஊற்றி வாயைக் கொப்பளித்து, மீண்டும் இடக்கையைக் கழுவி, கடைசியாக அகப்பையை நிமிர்த்திப் பிடித்து மிச்ச நீர் கைப்பிடி வழியே வடியும்படி விட வேண்டும். பிறகு சன்னிதியில் காசு இட்டு, இரு முறை வணங்கி, இரு முறை கைதட்டி, மீண்டும் ஒரு முறை வணங்குவது வழக்கம். பௌத்த ஆலயங்களில் கைதட்டக் கூடாது. அமைதியாகக் கைகூப்பினால் போதும்.

படி 4: ஹகோனே, ஓர் இரவு

டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்திலிருந்து ஒடக்யூ ரயிலில் ஹகோனே-யூமொத்தோ. ரயில், கேபிள் கார், ரோப்வே, படகு, பேருந்து எல்லாவற்றையும் உள்ளடக்கிய ஹகோனே ஃப்ரீ பாஸை ஷின்ஜுகுவிலேயே வாங்கிவிடுங்கள். யூமொத்தோவிலிருந்து கோரா வரை போகும் மலை ரயில், செங்குத்தான சரிவில் முன்னும் பின்னுமாகத் திசை மாற்றி மாற்றி ஏறும். அதன் மேல் ரோப்வேயில் போனால், கந்தகப் புகை எழும் ஓவகுதானி பள்ளத்தாக்கு காலுக்குக் கீழே விரியும். அங்கே வெந்நீர் ஊற்றில் அவித்த முட்டையின் ஓடு கறுத்துவிடுகிறது. ஒன்று தின்றால் ஆயுள் ஏழு ஆண்டு கூடும் என்பது உள்ளூர் நம்பிக்கை. ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த இடத்தைத் தவிர்க்க வேண்டும். எரிமலை வாயு கூடும் நாட்களிலும் பலத்த காற்றிலும் ரோப்வே நிறுத்தப்படும் என்பதால் காலையிலேயே நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள். வானம் தெளிந்திருந்தால் ஆஷி ஏரியிலிருந்து 3,776 மீட்டர் உயர ஃபூஜி மலை தெரியும்.

இரவு வெந்நீர் ஊற்றுக் குளியல் உள்ள விடுதியில் தங்குங்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகள் உண்டு. ஆடையின்றித்தான் இறங்க வேண்டும். அதற்கு முன் பக்கத்தில் உள்ள சிறு முக்காலியில் அமர்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் குளித்துவிட வேண்டும். கூச்சம் இருந்தால் அறையோடு சேர்ந்த தனிக் குளியல் உள்ள விடுதியைத் தேடுங்கள்.

படி 5: கியோட்டோ, நான்கு இரவுகள்

ஹகோனேக்கு அருகில் உள்ள ஒதவாரா நிலையத்தில் புல்லட் ரயில் ஏறுங்கள். மிக வேகமான நோசோமி வண்டிகள் அங்கே நிற்பதில்லை. கொதாமா அல்லது சில ஹிக்காரி வண்டிகள்தான் நிற்கும். முன்பதிவு செய்யும்போது சாதாரண வகுப்பில் 'ஈ' வரிசை ஜன்னல் இருக்கையைக் கேளுங்கள். வலப்பக்கத்தில் ஃபூஜி மலை வரும்.

794-இல் தலைநகரான கியோட்டோவுக்கு நான்கு இரவுகள் அதிகமல்ல. முதல் நாள் விடியலில் ஃபுஷிமி இனாரிக்குப் போங்கள். 711-இல் தோன்றியதாகக் கூறப்படும் இந்த ஆலயம் இரவும் பகலும் திறந்திருக்கிறது, கட்டணமும் இல்லை. கியோட்டோ நிலையத்திலிருந்து நாரா தடத்தில் இனாரி இரண்டாவது நிறுத்தம். விரைவு வண்டி அங்கே நிற்காது, சாதாரண வண்டியில் ஏறுங்கள். நெல்லுக்கும் பிற்காலத்தில் வணிகத்துக்கும் தெய்வமான இனாரிக்கு வணிகர்களும் நிறுவனங்களும் காணிக்கையாக நிறுத்திய ஆயிரக்கணக்கான தோரி வாயில்கள் 233 மீட்டர் மலை மேல் வரை நெருங்கி நிற்கின்றன. ஏறும்போது கண்ணில் படுவது குங்குமச் சிவப்பு மட்டும்தான். இறங்கும்போதுதான் ஒவ்வொரு வாயிலின் பின்புறத்திலும் கொடுத்தவர் பெயரும் கொடுத்த நாளும் கறுப்பு எழுத்தில் தெரியும். காவலாக நிற்கும் நரிச் சிலைகளின் வாயையும் கவனியுங்கள்: சாவி, ரத்தினம், ஓலைச் சுருள் போன்ற ஏட்டுச் சுருள், நெற்கதிர் என்று ஒன்றொன்றும் ஒன்றைக் கவ்வியிருக்கும். பெரும்பாலானோர் முதல் சில நூறு வாயில்களோடு திரும்பிவிடுகிறார்கள். பாதி வழியில் உள்ள யோத்சுத்சுஜி சந்திப்பு வரையாவது ஏறினால் நகரம் முழுவதும் கீழே தெரியும்.

மற்றொரு நாள் கின்காகுஜி. 1950-இல் இளம் துறவி ஒருவர் தீ வைத்ததில் அழிந்த இந்தப் பொன் மாளிகை 1955-இல் திரும்பக் கட்டப்பட்டது. அருகிலேயே உள்ள ரியோவான்ஜி ஆலயத்தின் கல் தோட்டத்தில் பதினைந்து கற்கள் உள்ளன. திண்ணையில் எங்கே அமர்ந்தாலும் ஒன்றாவது மறைந்துவிடும். என் கணிப்பில் பொன் மாளிகையைவிட அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம் இந்தத் திண்ணைதான். கியோமிசுதேரா ஆலயம், அரஷியாமா மூங்கில் காடு இரண்டையும் காலை எட்டு மணிக்குள் தொடங்குங்கள். கியோன் பகுதியின் தனியார் சந்துகளில் 2024 முதல் சுற்றுலாப் பயணிகள் நுழையத் தடை உண்டு. அங்குள்ள மரபுக் கலைப் பெண்களான கெய்ஷாக்களை வழிமறித்துப் படம் எடுப்பதை எங்குமே செய்யாதீர்கள்.

சைவ உணவு உண்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: காய்கறிச் சூப்பிலும் நூடுல்ஸிலும்கூட 'தாஷி' என்னும் சாறு இருக்கும், அது பெரும்பாலும் உலர்ந்த மீனில் எடுப்பது. "இறைச்சி, மீன், மீன் சாறு எதுவும் வேண்டாம்" என்று ஜப்பானிய மொழியில் எழுதிய அட்டையைக் கையில் வைத்திருங்கள். பௌத்தத் துறவிகளின் மரபில் வந்த 'ஷோஜின் ரியோரி' என்னும் சைவ விருந்து கியோட்டோவின் சில ஆலயங்களில் கிடைக்கிறது. ஒருமுறை அவசியம் உண்ணுங்கள்.

படி 6: நாரா, ஒரு பகல்

கியோட்டோவில் தங்கியபடியே ஒரு நாள் போய் வரலாம்; அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் நாரா. கின்தெத்சு ரயில் பூங்காவுக்கு அருகிலேயே இறக்கிவிடும். தோதாய்ஜி ஆலயத்தின் சுமார் 15 மீட்டர் உயர வெண்கலப் புத்தருக்கு 752-இல் கண் திறக்கும் சடங்கை நடத்தியவர், இந்தியாவிலிருந்து கடல் கடந்து சென்ற போதிசேனர் என்னும் துறவி. பூங்கா மான்களுக்கு அங்கே விற்கும் மான் பிஸ்கட்டைத் தவிர வேறெதையும் கொடுக்கக் கூடாது. பிஸ்கட்டைக் காட்டி ஏங்க வைத்தால் முட்டும். கொடுத்து முடித்ததும் வெறுங்கையை விரித்துக் காட்டினால் விலகிவிடும்.

படி 7: ஹிரோஷிமாவும் மியாஜிமாவும், ஓர் இரவு

நோசோமியில் கியோட்டோவிலிருந்து ஹிரோஷிமாவுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15-க்கு வெடித்த அணுகுண்டுக்கு மிக அருகில் இருந்தும் முழுதும் விழாமல் நின்ற கட்டடத்தின் எலும்புக்கூடு, குவிமாடக் கம்பிகளோடு ஆற்றங்கரையில் அப்படியே பாதுகாக்கப்படுகிறது. அமைதி நினைவு அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். அன்று மாலைக்கு வேறு எதையும் திட்டமிடாதீர்கள். சிறு பிள்ளைகளை அழைத்துச் செல்வதா என்பதை முன்பே யோசித்து முடிவு செய்யுங்கள்.

மறுநாள் மியாஜிமாகுச்சி வரை ரயிலில் போய், பத்து நிமிடம் படகில் கடந்தால் மியாஜிமா தீவு. இத்சுகுஷிமா ஆலயத்தின் சுமார் 16 மீட்டர் உயர வாயில் 1875-இல் நிறுத்தப்பட்டது. கடல் தரையில் ஆழப் புதைக்கப்படாமல் தன் எடையாலேயே நிற்கிறது. நீரேற்றத்தின்போது அது மிதப்பதாகத் தோன்றும்; ஏறக்குறைய ஆறு மணி நேரம் கழித்து நீர் வடிந்ததும் ஈர மணலில் நடந்து அதன் தூணருகே போகலாம். அந்த நாளின் நீரேற்ற அட்டவணையை முதல் நாள் இரவே பார்த்து, இரண்டில் ஒன்றையாவது காணும்படி படகு நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். அன்றிரவே விமானம் என்றால், ஹிரோஷிமாவிலிருந்து ஷின்-ஒசாகாவுக்குப் புல்லட் ரயிலிலும் அங்கிருந்து கன்சாய் விமான நிலையத்துக்கு ஹாருகா விரைவு ரயிலிலும் போக வேண்டியிருக்கும். மதியம் இரண்டு மணிக்குள் தீவை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.