பழைய டெஸ்க்டொப்புக்கு எஸ்எஸ்டி பூட்டுவது எப்படி?

விண்டோஸ் திறக்கவே பல நிமிடம் எடுக்கிறதா? புதுக் கம்ப்யூட்டருக்குக் காசு தேடுமுன் ஹாட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி, அதாவது சிப்பில் தகவலைச் சேமிக்கும் டிரைவ் பூட்டிப் பாருங்கள். ஹாட் டிஸ்க்கில் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தரம் சுழல்கிறது. ஒவ்வொரு கோப்பையும் தேடி அதன் முனை நகரவேண்டும். அதற்கு ஏறத்தாழ 10 மில்லி செக்கன் போகும். எஸ்எஸ்டியில் அசையும் பாகமே இல்லை. விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைப் படிப்பதால் வித்தியாசம் உடனே தெரியும்.

முதலில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மெனேஜரைத் திறவுங்கள். டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால் மாற்றுவது சரி. மெமரியும் நிரம்பிக் கிடந்தால் ரேமும் கூட்டவேண்டும்.

வாங்கவேண்டியது 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, அதாவது மதர்போட்டுடன் கேபிளால் இணைக்கும் வகை. வீட்டு வேலைக்கு 240 ஜிபி தாராளம். மதர்போட்டிலேயே நேராகச் செருகும் என்விஎம்ஈ வகை வேண்டாம், பழைய மதர்போட்களில் பெரும்பாலும் அதற்கு இடமில்லை. சாட்டா டேட்டா கேபிள் பெட்டிக்குள் அநேகமாக வராது. கடையிலேயே கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, பிள்ளைகளின் படங்கள், பாடக் குறிப்புகள், முக்கிய ஆவணங்களை வேறொரு டிரைவில் கொப்பி எடுங்கள். இதைத் தாண்டிப் போகவே கூடாது.

இனிப் பூட்டும் வேலை. பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைச் சில செக்கன் அழுத்திப் பிடியுங்கள். பெட்டியின் இரும்பைத் தொட்ட பிறகே உள்ளே கை வையுங்கள். கல்லடி, காத்தான்குடி, கல்முனை போன்ற கரையோரங்களில் உப்புக்காற்று பட்டு இணைப்புகளில் துரு ஏறும். காய்ந்த பிரஷால் துடையுங்கள், வாயால் ஊதாதீர்கள், ஈரம் படியும். ஒடுக்கமான கேபிள் மதர்போட்டுக்கு, அகலமானது பவர் சப்ளையிலிருந்து. இரண்டும் ஒரு பக்கமாகத்தான் நுழையும், பலவந்தம் வேண்டாம். பழைய டிஸ்க்கைக் கழற்றாமல் விடுங்கள்.

இப்போது க்ளோன், அதாவது பழைய டிஸ்க்கில் உள்ள விண்டோஸையும் கோப்புகளையும் அப்படியே எஸ்எஸ்டிக்குப் பிரதி எடுப்பது. எஸ்எஸ்டி கம்பனியின் மென்பொருள் இருந்தால் அதுவே இலகு. இல்லாவிட்டால் க்ளோன்சில்லா என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, ஆனால் அதற்குப் புது டிஸ்க் பழையதைவிடச் சிறியதாக இருக்கக்கூடாது. எது மூலம், எது இலக்கு என்பதைப் பெயரையும் அளவையும் பார்த்து இரண்டு தரம் உறுதி செய்யுங்கள். மாறிப்போனால் எல்லாமே அழிந்துவிடும்! மாரி காலத்தில் கரண்ட் விட்டு விட்டு வருமென்பதால் யூபிஎஸ் இருந்தால் நல்லது. இடையில் நின்றாலும் பயப்படாதீர்கள். பழைய டிஸ்க்கிலிருந்து படிக்க மட்டுமே செய்வதால் திரும்பத் தொடங்கலாம்.

முடிந்ததும் நிறுத்தி, பழைய டிஸ்க்கின் கேபிள்களைக் கழற்றி, எஸ்எஸ்டியை மட்டும் வைத்து இயக்குங்கள். திறக்காவிட்டால் பயோஸில் (விண்டோஸுக்கு முன் திறக்கும் மதர்போட் அமைப்புத் திரை) பூட் வரிசையை, அதாவது எந்த டிஸ்க்கிலிருந்து முதலில் தொடங்குகிறது என்பதைப் பாருங்கள். அங்கே சாட்டா மோட் என்ற டிஸ்க் இணைப்பு முறையை மட்டும் மாற்றாதீர்கள், விண்டோஸ் திறக்காமல் போகலாம்.

பழைய டிஸ்க்கை உடனே அழிக்காதீர்கள். சில வாரம் எல்லாம் ஒழுங்காக ஓடினால் அப்புறம் அதைப் படங்களும் வீடியோவும் வைக்கப் பூட்டிக்கொள்ளலாம்.