கேரட் உருண்டைக்குள்ள மாத்திரை
கோத்தகிரில இருக்கோம், எங்க நாய் மணிக்கு 11 வயசு, இதய வால்வு லீக். பிமோபென்டான்னு இதயத்துக்கான மாத்திரை, காலைல 7, சாயங்காலம் 7, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடின்னு டாக்டர் சொன்னார். முழுங்கிட்டான்னு நம்பிட்டே இருந்தேன், ஒருநாள் அவன் கம்பளிய உதறினா பாதி கரைஞ்ச மாத்திரை நாலு விழுது, நெஞ்சே பதறிருச்சு. விட்டுப்போனத சேர்த்து டபுளா குடுக்கவே கூடாதுன்னாங்க. இப்போ வேகவெச்ச கேரட்ட மசிச்சு சின்னதா மூணு உருண்டை, நடுவுல உள்ளதுல மட்டும் மாத்திரை, மூணாவத மூக்குக்கு நேரா காட்டிட்டே ரெண்டாவத குடுத்தா அவசரத்துல முழுங்கிடுறான். கருவாட்டுல வெச்சு குடுக்காதீங்க, அந்த உப்பு ஆகாது. ராத்திரி தூங்கறப்போ மூச்சு எண்ணுவேன், விலா ஏறி இறங்கினா ஒண்ணு, நிமிஷத்துக்கு 30 தாண்டினா உடனே டாக்டர்தான். நேத்து 22.