பழைய உளியைத் தீட்டுவது எப்படி?

துருவைக் கண்டு பழைய உளியை ஒதுக்காதீர்கள். மேல்துரு உப்புத்தாளிலேயே போய்விடும். ஆனால் முதுகில், அதாவது தட்டையான பக்கத்தில், முனைவரை துருக்குழி இருந்தால் அது கூரைக் கெடுக்கும். அந்தப் பகுதியைத் தேய்த்தே தீர்க்க வேண்டும்.

தேவையானவை: 8 மி.மீ. தடிமன் கண்ணாடி, 220, 400, 1000, 2000 எண் வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்; எண் கூடக் கூட மென்மை), தண்ணீர், மார்க்கர், மெருகுப் பசை தடவிய தோல்பட்டை.

முதலில் முதுகு. புதிதாகத் தீட்டுபவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். சரிவும் (முனையில் சாய்வாக இருக்கும் பக்கம்) முதுகும் சந்திக்கும் கோடுதான் கூர். ஒரு பக்கம் கரடாக இருந்தால் மறுபக்கத்தை எவ்வளவு தேய்த்தாலும் பலனில்லை. கண்ணாடியில் தண்ணீர் தெளித்து 220 தாளை ஒட்டுங்கள். முதுகில் மார்க்கரால் கோடு கிழித்து, முனையிலிருந்து 2-3 செ.மீ. மட்டும் தாளில் படும்படி விரலால் அழுத்தித் தேயுங்கள். மை அழியாத இடம் பள்ளம். முனையையொட்டி மை முழுதும் அழிந்ததும் அடுத்த எண்ணுக்குப் போகலாம். கைப்பிடியைத் தூக்கினால் முனை உருண்டுவிடும், கவனம்.

அடுத்து சரிவு. மர வேலைக்குப் பொதுவாக 25 டிகிரி. கோணமானி இல்லையென்றால், சரிவின் நீளம் உளியின் தடிமனைப்போல் 2.4 மடங்கா என்று பாருங்கள்: 4 மி.மீ. உளிக்கு ஏறக்குறைய 9.5 மி.மீ. வாய் உடைந்திருந்தால் சாணைக்கல் சுழலும் கிரைண்டரில் பிடிக்கலாம். நொடிக்கொரு தரம் தண்ணீரில் முக்குங்கள். சூட்டில் நீலம் பாரித்த எஃகு பதம், அதாவது கடினம், இழந்தது. அந்த நீலத்தை மட்டும் தேய்த்தெடுத்தால் பதம் திரும்பாது.

சரிவைத் தாளில் முழுதாகப் படியவைத்து, உங்களை நோக்கி இழுங்கள். முன்னே தள்ளினால் தாள் கிழியும். மணிக்கட்டு ஆடினால் சரிவு உருண்டு, கூர் மழுங்கும். மணிக்கட்டைப் பூட்டி, உடம்பை அசையுங்கள்.

எத்தனை இழுப்பு என்று எண்ண வேண்டாம். முதுகுப்பக்கம் விரலைக் குறுக்கே, முனையைத் தாண்டி வெளிப்புறமாக வருடுங்கள். அகலம் முழுதும் மெல்லிய பிசிர் நெருடினால் அந்தத் தாளின் வேலை முடிந்தது. ஒரு மூலையில் மட்டும் நெருடவில்லையா? அங்கே இன்னும் கூர் வரவில்லை. 400, 1000, 2000 என்று போங்கள். கடைசித் தாளில் கைப்பிடியைச் சற்று உயர்த்தி, 30 டிகிரியில் சில இழுப்பு. முனை நெடுநாள் நிற்கும்.

பிசிரை எடுக்க முதுகைத் தட்டையாக வைத்து 2000 தாளில் இழுத்து, பிறகு தோலில் இருபுறமும் பத்துப் பதினைந்து முறை பின்னோக்கி இழுங்கள்.

வெளிச்சத்தில் முனையைப் பாருங்கள்: வெள்ளைக் கோடு மின்னும் இடம் இன்னும் மழுங்கல். மென்மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் சீவிப் பாருங்கள். நார் நசுங்காமல் வழவழப்பாக வந்தால் உளி தயார். வேலைக்கு நடுவே கூர் குறைந்தால் தோலும் 2000 தாளும் போதும், 220-க்குத் திரும்ப வேண்டியதில்லை.